நிமிஷத்துக்கு இருபது

ஓர் இரண்டு, ஒரு சுழி. எழுத ஒரு நொடி போதும். வார்டு நோட்டில் நாற்பத்திரண்டு கட்டிலுக்கும் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிக்கொண்டே வந்தால் ஒரு நிமிஷத்தில் பக்கம் நிறைந்துவிடும். இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அப்படித்தான் நிறைந்தது. ஆனால் ஒரே ஓர் ஆளின் மூச்சை எண்ணுவதற்கு முழுசாக ஒரு நிமிஷம் வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று, மறுபடி ஏறி இறங்கினால் இரண்டு. நாற்பத்திரண்டு பேருக்கு நாற்பத்திரண்டு நிமிஷம், கட்டிலுக்குக் கட்டில் நடக்கிற நேரம் தனி. முப்பிடாதி கட்டுப் போடும் அறையில் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து இந்தக் கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள், கணக்குச் சரியாக வந்துவிட்டால் பதினாலாம் கட்டிலில் கிடக்கிற பரமசிவன் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பது போல. எழமாட்டார். அவர் உயிர் போய் நாற்பது நிமிஷம் ஆகிறது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதம் சொல்கிறது. அவள் எழுதிய நோட்டும் ஒன்று சொல்கிறது: மணி பன்னிரண்டு, கட்டில் பதினாலு, மூச்சு நிமிஷத்துக்கு இருபது. அந்த இருபதை எழுதும்போது அவர் உயிரோடு இருந்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவள்தான், அவள் பார்க்கவில்லை.

கையில் டீ இருந்தது. யார் கொடுத்தார்கள்? வள்ளி சிஸ்டர்தான் கொடுத்தார், குடி என்று சொல்லி விரல்களைப் பிடித்து டம்ளரைச் சுற்றி மடக்கிவிட்டுப் போனார், பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதுபோல. அந்த விரல்கள் இன்னும் அப்படியே மடங்கி இருந்தன. மூச்சு எண்ணுவது எப்படி என்று கல்லூரியில் முதல் வருஷத்திலேயே சொல்லித் தந்தார்கள். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவான், நாடி பார்க்கிற மாதிரியே கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து எண்ணு என்றார்கள். உண்மைதான். இப்போது அவள் தன்னுடைய மூச்சையே எண்ணிப் பார்க்கிறாள், எண்ணத் தொடங்கியதுமே அது நின்றுவிடுகிறது, அப்புறம் பெரிதாக ஒன்று வருகிறது, அதை எத்தனையில் சேர்ப்பது? நான்கு, ஐந்து, விட்டுப்போயிற்று. வேலைக்கு வந்து இன்றோடு பத்தொன்பது நாள். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு கட்டிலாக நின்று எண்ணினாள், சத்தியமாக எண்ணினாள். இருபத்தேழாம் கட்டில் தாத்தா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு எங்க பாக்க பிள்ள என்று கேட்டுச் சிரித்தார். பாதி வார்டுகூட முடியவில்லை, அதற்குள் பத்து மணி ஊசிகள் பதினொன்றாகிவிட்டன, ஒருவருக்கு ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் முடிந்து குழாயில் ரத்தம் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் வள்ளி சிஸ்டர் பக்கத்தில் வந்து நின்று, "எட்டி முப்பிடாதி, நீ எண்ணி முடிக்கதுக்குள்ள பாதிப் பேரு வீட்டுக்குப் போயிருவானுவ. எல்லாத்துக்கும் இருவதுன்னு போடு. நடுவுல ரெண்டு பேருக்கு இருவத்திரெண்டு போட்டுக்கோ, அப்பதான் நம்புவாவ" என்றார். சொல்லிவிட்டு அவள் தட்டிலிருந்த ஊசிகளில் பாதியை எடுத்துக்கொண்டு தானே போட்டு முடித்தார். அன்றைக்கு முப்பிடாதி நேரத்துக்குச் சாப்பிட்டாள். வள்ளி சிஸ்டர் மேல் அவளுக்கு உயிர். எந்த ஊரிலோ பிறந்து எவள் வயிற்றிலோ வளர்ந்த தன்னிடம் ஒருத்தி இவ்வளவு பிரியமாக இருக்கிறாளே என்று அம்மாவிடம் போனில் சொல்லி அழுதிருக்கிறாள். இப்போதும் அந்தப் பிரியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. யாராவது கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

பத்தே முக்கால். அது நிச்சயம். பத்தே முக்காலுக்கு அவருக்கு ஊசி போட்டாள், கையை மடக்கி வச்சுக்கிடுங்க என்றாள், செரி தாயி என்றார். அந்த நேரம் உயிரோடு இருந்தார், பேசினார், அதில் சந்தேகமில்லை. அவர் மனைவி ஆவுடையம்மாள் சேலையை உதறிச் செருகிக்கொண்டு நின்றாள். டாக்டர் பழைய ஈசிஜி காகிதங்களைக் கேட்டிருந்தார், அவை வீட்டில் இருந்தன, போய் எடுத்துவிட்டு அப்படியே தலைக்கு ரெண்டு செம்புத் தண்ணியும் ஊத்திக்கிட்டு வாரேன், நாலு நாளாச்சு குளிச்சு என்றாள். "நீ பாத்துக்கிடுவியா தாயி?" என்று கேட்டாள். "பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க" என்றாள் முப்பிடாதி. கண்ணைப் பார்த்துச் சொன்னாளா? இல்லை. அடுத்த கட்டிலின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாத்துக்கிடுதேன் என்பது ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற வார்த்தை, அதற்கு அர்த்தம் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அந்த அம்மாள் நினைத்துவிட்டாள். பிறகு பன்னிரண்டு மணி. மேஜையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தாள், இருபது, இருபது, இருபத்திரண்டு, இருபது. பதினாலுக்கு வரும்போது தலையைத் தூக்கிப் பார்த்தாளா? பார்த்த மாதிரி ஒரு ஞாபகம். வெளிச்சம் படாமலிருக்க முகத்தின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார், துண்டின் ஓரம் லேசாக ஆடியது. ஆடியதே! மூச்சில் ஆடியதா, மேலே சுற்றுகிற மின்விசிறியில் ஆடியதா? இல்லை, அவள் பார்க்கவே இல்லை, எட்டு மணிக்கு எண் எழுதும்போது பார்த்த துண்டை இப்போது கொண்டுவந்து பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்கிறாள். எட்டு மணிக்கு அவர் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் துண்டு எப்போது? நேற்றா? பரமசிவன் முகத்தில் துண்டு போட்டுப் படுத்திருக்கிற எல்லா நேரமும் ஒன்றாகக் கலந்துவிட்டது. அதற்குள் போய்த் தேடித்தேடி அவள் களைத்துப்போனாள்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ஆவுடையம்மாள் ஈரத் தலையோடு வந்தாள். கையில் மஞ்சள் பை, அதில் காகிதங்கள். "ஏங்க, ஏங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டது மேஜைவரை கேட்டது. மூன்றாவது முறை கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது. முப்பிடாதி ஓடினாள். காலைத் தொட்டாள், ஜில்லென்று இருந்தது. ஆனால் வந்து சேர்ந்த அன்றைக்கே அந்த அம்மாள் சொல்லியிருந்தாள், அவியளுக்குக் காலு எப்பவும் பச்சத்தண்ணி கணக்காத்தான் இருக்கும் என்று. அதனால் அதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. டாக்டர் வந்தார், நெஞ்சை அமுக்கினார்கள், வார்டுப் பொறுப்பில் இருக்கிற எப்சிபா சிஸ்டர் கட்டில்மேல் ஏறி முழங்கால் போட்டு அமுக்கினார், ஐம்பத்தாறு வயதில். ஈசிஜியில் கோடு நேராக வந்தது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து என்று டாக்டர் எழுதினார். எழுதிவிட்டு நோட்டைப் பார்த்து, "பன்னெண்டு மணிக்கு யாரு பாத்தா?" என்று கேட்டார். முப்பிடாதி வாயைத் திறப்பதற்குள், "இந்தப் பிள்ளதான் டாக்டர். நானும் கூட நின்னேன். நல்லாத்தான் இருந்தாரு, பேசினாரு" என்றார் எப்சிபா சிஸ்டர். இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ளவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பன்னிரண்டு மணிக்கு மருந்துக் கிடங்கில் பஞ்சு வாங்க நின்றவர், கண் இமைக்காமல் சொன்னார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த நொடியில் முப்பிடாதிக்கு வந்தது நிம்மதிதான். அதை மறைக்க என்ன இருக்கிறது. ஒரு ஆள் செத்துக் கிடக்கிறார், இவளுக்கு நிம்மதி. தன்மேல் அருவருப்பு வந்தது அதற்கு அப்புறம்தான், கை கழுவும்போது.

பிறகு எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். தாங்கினார்கள் என்றால் சும்மா இல்லை. எப்சிபா சிஸ்டர் அவளை இந்த அறைக்குக் கூட்டிவந்து கதவை ஒருக்களித்து, "பிள்ள, இங்க பாரு. இருதயம் நின்னு போறதுக்கு நாம ஒண்ணும் செய்ய முடியாது. நீ பக்கத்துலயே நின்னுருந்தாலும் போயிருப்பாரு. கேட்டியா?" என்றார். இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நிற்கவில்லையே, அதனால் அதுவும் தெரியாதே. வள்ளி சிஸ்டர் டீ வாங்கி வந்தார், அவளுடைய ஒரு மணி ஊசிகளைத் தானே போட்டார், மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டே நடுவில் ஒருமுறை உள்ளே வந்து அலமாரியில் சாய்ந்து நின்று, "எனக்கும் இப்படிப் போனவ ஒருத்தி உண்டுட்டி" என்றார். "ஒம்போது வயசுப் பிள்ள. மஞ்சச் சட்ட போட்டிருந்தா. பதினேழு வருசமாச்சு. இப்பவும் கடைக்குப் போனா மஞ்சத் துணியத் தொடமாட்டேன். எல்லாத்துக்கும் ஒண்ணு உண்டு. எப்சிபாக்காவக் கேளு, ரெண்டு உண்டும்பாவ. கொஞ்ச நாள் அரிக்கும், அப்புறம் பழகிரும்." அன்பாகச் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. முப்பிடாதி பயந்தது அப்போதுதான். பழகிரும். பதினேழு வருஷம் கழித்து இதே அலமாரியில் சாய்ந்துகொண்டு, இன்றைக்கு இன்னும் பள்ளிக்கூடத்தில்கூடச் சேராத ஒரு பிள்ளையிடம், எனக்கும் ஒருத்தர் உண்டு, துண்டைப் போட்டு மூடிப் படுத்திருந்தார் என்று தான் சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பிள்ளை தன்னை நன்றியோடு பார்ப்பதும் தெரிந்தது. யாராவது கன்னத்தில் ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது. கயத்தாறில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிந்தால் விடுவாள், விளக்குமாற்றை எடுப்பாள். ஆனால் அம்மாவும்கூட, வேலை போயிருமோ என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம்தான் எடுப்பாள். ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தாள். தன்னைத் திட்டுவதற்கு உலகத்தில் ஒருத்தருமே இல்லை. இப்படி ஒரு அநாதைத்தனம் உண்டு என்று இதுவரை அவளுக்குத் தெரியாது.

ஒருக்களித்த கதவுக்கு அந்தப் பக்கம்தான் சிஸ்டர்களின் மேஜை. மேஜைக்கு மேலே சுவரில் அரிசி ஆலைக்காரர்கள் கொடுத்த தினசரி காலண்டர். அதன் முன்னால் யாரோ நின்று சத்தமாக வாசித்தார்கள். "திருவோணம் பகல் பதினொண்ணு நாப்பத்திரெண்டு வரை. பின்பு அவிட்டம்." பரமசிவனின் தம்பி சுப்பையாவின் குரல். எப்போது வந்தார்? வந்ததும் முதலில் காலண்டருக்குத்தான் போயிருக்கிறார். "அவிட்டம்லா மதினி. பன்னெண்டு முப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்காவ. பன்னெண்டு மணிக்கு நல்லா இருந்தாருன்னு நோட்டுல இருக்குங்காவ. அவிட்டத்துல போனா ஆறு மாசம் அடைப்பு." முப்பிடாதிக்கு அடைப்பு தெரியும். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அவர் புழங்கிய இடத்தைப் பூட்டிப் போட்டுவிட வேண்டும், விளக்கேற்றக்கூட ஆள் குடியிருக்கக் கூடாது. எதிர்வீட்டில் ஒரு அறையைப் பூட்டிப்போட்டிருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள், பந்து உள்ளே விழுந்து எடுக்க முடியாமல் போனது. ஆனால் அவர்களுக்கு நாலு அறை இருந்தது. ஆவுடையம்மாளுக்குப் பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கிற வளவில் ஒற்றை அறை வீடு, அதை அவளே சொல்லியிருக்கிறாள், படுத்தா காலு அடுப்புல இடிக்கும் தாயி என்று. அந்த அறையைப் பூட்டினால் எங்கே போவாள்? டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். பதினொன்று நாற்பத்திரண்டு. பத்தே முக்காலிலிருந்து பதினொன்று நாற்பத்திரண்டு வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் திருவோணத்தில் கிடக்கிறதே. அதற்குள் போயிருக்கலாமே. போயிருக்கவே முடியாது என்று சொல்வது எது? அவளுடைய இருபது. ஒரு இரண்டும் ஒரு சுழியும் போய் அந்த வீட்டுக் கதவில் பூட்டாகத் தொங்குகின்றன.

"பூட்டுனா பூட்டிட்டுப் போறோம்" என்றாள் ஆவுடையம்மாள். குரல் வறண்டிருந்தது, ஆனால் நிதானமாக இருந்தது. அவள் இன்னும் அழவில்லை. "மருமவன் வீட்டுல ஒரு மூலையில கெடந்துக்கிடுதேன். பன்னெண்டு மணிக்கும் அந்தப் பிள்ள கிட்ட வந்து கையப் பிடிச்சுப் பாத்திருக்கு. நாதியத்துப் போகல. எனக்கு அது போதும்." முப்பிடாதி இதைக் கேட்டாள். கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், காதில் விழுந்தது. ஆனால் அவள் மனம் மருமவன் வீட்டு மூலை என்ற இடத்திலேயே நின்றுவிட்டது, அதற்குப் பின்னால் வந்த வார்த்தைகள் கடந்து போய்விட்டன. ஆறு மாசம் அந்த அம்மாள் மருமகன் வீட்டுத் தாழ்வாரத்தில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இதைத் தன்னால் நிறுத்த முடியும். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகும். எப்சிபா சிஸ்டர் டாக்டரிடம் சொன்ன பொய் வெளியே வரும், இருபத்தாறு வருஷம் அவர் சேர்த்த பேர், அவர் தனக்காகச் சொன்ன பொய், அதைத் தானே போட்டு உடைப்பதா? நன்றி கெட்டவள். ஆனால் வீடு. ஒற்றை அறை. போ. உட்கார்ந்திரு. டூட்டி மாறும் நேரம் ஒன்றரை, இன்னும் ஐந்து நிமிஷம்தான், கைப்பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனால் எல்லாம் முடிந்தது, கொஞ்ச நாள் அரிக்கும், அப்புறம். அந்த அப்புறம்தான் அவளை ஸ்டூலிலிருந்து எழுப்பியது. நல்ல குணத்தால் எழுந்தாள் என்று சொல்ல முடியாது. பயத்தால் எழுந்தாள். பழகிவிடுமோ என்கிற பயம். அதோடு ஒரு ஆசையும் இருந்தது, வெட்கங்கெட்ட ஆசை, சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று.

வார்டுக்குள் வந்ததும் சன்னல் வெயில் கண்ணில் அடித்தது. ஆவுடையம்மாள் சுவரோரம் நின்றிருந்தாள், தலை இன்னும் முழுக்கக் காயவில்லை. சுப்பையா போனில் யாருக்கோ வண்டி சொல்லிக்கொண்டிருந்தார். எப்சிபா சிஸ்டர் முப்பிடாதியைப் பார்த்ததும் எழுந்துவந்து, கீழே விழுந்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார். வெதுவெதுப்பான கனமான கை.

"இந்தா வந்துட்டாள்லா" என்றாள் ஆவுடையம்மாள் சுப்பையாவிடம். "இவதான் கடேசியாப் பாத்தது. தாயி, பன்னெண்டு மணிக்கு நீ பாக்கும்போது என்ன சொன்னாவ? என்னையக் கேட்டாவளா?"

"நான் பாக்கலம்மா."

"என்னது?"

"பன்னெண்டு மணிக்கு நான் அவங்க கிட்ட வரல. பாக்காமதான் எழுதினேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவோம்." எழுதுவோம் என்று வந்துவிட்டது. முதுகில் இருந்த கை அசையவில்லை. "பத்தே முக்காலுக்கு ஊசி போட்டேன், பேசினாவ. அதுக்கப்புறம் நான் பாக்கல. அதனால அவிட்டமா இருக்கணும்னு இல்ல. முன்னாடியே கூட... உங்க வீட்டப் பூட்ட வேண்டாம்மா."

சுப்பையா போனைக் காதிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று முப்பிடாதி காத்திருந்தாள். வரவில்லை. அவர் காலண்டரை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப பதினொண்ணரைன்னு சொல்லிக்கிடலாம் மதினி. திருவோணம்னே வச்சுக்கிடுவோம். அடைப்பு இல்ல" என்றார். சொல்லிவிட்டு நன்றியாகத் தலையைக்கூட ஆட்டினார்.

ஆவுடையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. முப்பிடாதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து எத்தனை வேளை என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"நான் போனதுலருந்து வந்த வரைக்கும் யாருமே பாக்கலையா?"

"இல்லம்மா."

"ஒருத்தரும்?"

சுற்றிலும் நாற்பத்தொரு கட்டில்களிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். சிலர் எழுந்து உட்கார்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். முப்பிடாதியின் நெஞ்சு லேசாகவில்லை. தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு மெதுவாகப் புரிந்தது, அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கப் பார்க்கப் புரிந்தது. பூட்டிய வீட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் கையில் இறுக்கிப் பிடித்திருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு பொய் போதும், பாத்தேன்மா, உங்களத்தான் கேட்டாவ என்று ஒரே ஒரு பொய். இனிமேல் அதைச் சொன்னாலும் அந்த அம்மாள் நம்பமாட்டாள்.

"நான் குளிக்கல்லா போனேன்" என்றாள் ஆவுடையம்மாள். "குளிக்கப் போனேன். தலைக்கு ஊத்திக்கிட்டு நின்னேன்." அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் இருந்த மஞ்சள் பை கவிழ்ந்து காகிதங்கள் சிதறின. அதுவரை வராத அழுகை அப்போது வந்தது, வார்டு முழுக்கக் கேட்கும்படி, வாயைத் திறந்துகொண்டு அழுதாள்.

எப்சிபா சிஸ்டர் முப்பிடாதியின் முதுகிலிருந்து கையை எடுத்தார். தரையில் அந்த அம்மாளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவளுடைய ஈரத் தலைமேல் அந்தக் கையை வைத்துக்கொண்டார்.